கோல் கொடுத்த படலம்

குடிநீர் வாரியத்தின் கிளை அலுவலகத்திலிருந்து ஒருவரை 'மக்களோடு கற்றல்' பயிற்சிக்கு அனுப்பியே தீரவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்த அன்று அலுவலகத்தில் திடீரென்று நோய்நொடி பெருகிவிட்டது. மேலாளருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கிடங்குக்காரருடைய மாமியாருக்குக் கண் அறுவை. பொறியாளர் தன் வீட்டு நாய்க்கு மனம் சரியில்லை என்றே எழுதிக் கொடுத்துவிட்டார். கைவசம் ஒரு சாக்குகூட இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் குமாஸ்தா. ஒப்புக்குச் சப்பாணியாக அவரைக் கோத்துவிட்டார்கள்.

குமாஸ்தா முணுமுணுக்கவில்லை. அவர் பல வருடங்களாகத் தற்காலிக ஊழியர். பயிற்சியை 'முழுமையாக நிறைவு செய்தார்' என்று இயக்குநர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நிரந்தரமாகிவிடலாம் என்று மேலாளர் ஆசை காட்டியிருந்தார். அதைவிடப் பெரிய காரணம் அவருடைய அக்கா. பயிற்சி நிலையம் எந்த ஊரை வைத்துப் பாடம் நடத்துகிறதோ, அதே ஊரில்தான் அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தார். அந்த ஊரில் ஒரு அடிபம்பு உண்டு. அதற்குக் கைப்பிடி இல்லை. என்றோ ஒருநாள் வாஷர் மாற்றுவதற்காக அக்காவின் வீட்டுக்காரர் கைப்பிடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய் வருவதற்குள் அதைக் காணவில்லை. பழைய இரும்பு வாங்க வந்தவர்தான் தூக்கிக்கொண்டு போனார் என்று ஊரே முடிவு கட்டி, அந்த மனிதரை அடித்துத் தெருப்பக்கமே வரவிடாமல் செய்துவிட்டது. அன்றிலிருந்து அக்கா பக்கத்து ஊர்க் கிணற்றுக்கு நடக்கிறார். இடையில் ஒருமுறை ஒரு மரக்கட்டையைச் செதுக்கி மாட்டிப் பார்த்தார்கள். அது முறிந்து மாமாவின் மூக்கைப் பதம் பார்த்ததுதான் மிச்சம்.

வாரியத்தில் கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். பழைய கைப்பிடியைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது தரமுடியும் என்பது கிடங்கு விதி. காணாமல் போனதால்தானே கேட்கிறோம் என்று குமாஸ்தா வாதாடிப் பார்த்தார். காணாமல் போனதைக் கொண்டுவந்து காட்டினால் பரிசீலிக்கலாம் என்றார் கிடங்குக்காரர். அக்காவும் விடவில்லை. "தண்ணி ஆபீஸ்ல வேல பாக்கற தம்பி இருந்து என்ன புண்ணியம், கொடம் தூக்கித் தூக்கி எனக்குக் கழுத்தே இல்லாமப் போச்சு" என்று போகும்போதும் வரும்போதும் குத்திக் காட்டுவார். பயிற்சி நிலைய இயக்குநர் பெரிய இடங்களில் செல்வாக்கு உள்ளவர். நல்ல நேரம் பார்த்து அவர் காதில் போட்டால் ஒரு கைப்பிடி கிடைக்காதா என்ற நப்பாசையில் குமாஸ்தா துணிமணிகளை மடித்துப் பையில் வைத்தார்.

நிலையத்தில் மேடை கிடையாது, மேசை கிடையாது. எல்லோரும் சமம் என்பதால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்துக்குத் தலை ஏது, கால் ஏது என்று குமாஸ்தா ஒரு நாற்காலியில் உட்காரப் போனார். அது தலை என்று சொல்லி எழுப்பிவிட்டார்கள். பார்த்தால் அதில் மட்டும் மெத்தை இருந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்றில் உட்கார்ந்தார். அது துணை இயக்குநருக்கான சமம் என்றார்கள். கடைசியில் கதவோரமாக, காற்றும் மின்விசிறியும் எட்டாத ஒரு சமத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

"நண்பர்களே, நான் இங்கே பேச வரவில்லை, கேட்க வந்திருக்கிறேன்" என்று தொடங்கிய இயக்குநர் மதியச் சாப்பாடு ஆறி அவலாகும்வரை பேசினார். மக்களிடம் பேசக்கூடாது, மக்களைப் பேசவிட வேண்டும், அடுத்தவர் பேச்சைக் கேட்பது ஒரு தவம் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, கைப்பிடி விஷயத்தைச் சொல்ல இதுதான் சமயம் என்று குமாஸ்தா கையைத் தூக்கினார்.

"கையைக் கீழ போடுங்க" என்றார் இயக்குநர் கனிவாக. "கேக்கறது எப்படின்னு சொல்லிக்கிட்டிருக்கேன். நடுவுல பேசினா எப்படி?"

பிறகு கோல் வந்தது. இருவர் முன்னும் பின்னும் தாங்கி வர, பட்டுத்துணி சுற்றி, குஞ்சம் கட்டி, தங்க வர்ணம் பூசிய கோல். கனம் போலிருக்கிறது, தூக்கி வந்தவர்களுக்கு வியர்த்திருந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். இயக்குநர் பட்டுத்துணியை லேசாக விலக்கிக் காட்டினார்.

"இந்த நிலையம் இந்தக் கோலிலிருந்துதான் பிறந்தது. முதன்முதலாக அந்த ஊருக்குப் போனபோது தரையில் ஒரு கோடு இழுக்கக்கூட என் கையில் ஒரு குச்சி இல்லை. சுற்றிப் பார்த்தேன். மக்கள் மத்தியிலேயே ஒரு கோல் கிடந்தது. எடுத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாத அளவுக்கு எனக்கும் மக்களுக்கும் அன்றே ஒரு நெருக்கம். நடுவில் இருக்கும் வளைவைப் பாருங்கள், அது மக்களின் பணிவு. நுனியில் இருக்கும் துளையைப் பாருங்கள், எதையும் ஏற்றுக்கொள்ளும் திறந்த மனம். எந்தச் சிற்பியும் செய்யவில்லை. மக்களே செய்தது."

குமாஸ்தாவுக்கு உடல் சிலிர்த்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. வாரியத்தில் இருப்பவர்தான் என்றாலும், அவர் பார்த்த அடிபம்புகள் எல்லாம் காகிதத்தில் இருந்தவை.

அடுத்த நாள் ஒத்திகை. மண்டபத்தையே ஊராக மாற்றினார்கள். பயிற்சிக்கு வந்திருந்த வனத்துறைக்காரர் ஆறாகப் படுத்துக்கொண்டார். கூட்டுறவு வங்கி அம்மாள் மேய்ச்சல் நிலம். ஊர்க்கூட்டம் ஒரு மரத்தடியில்தான் நடக்கும் என்பதால் குமாஸ்தாவை மரமாக நிற்கவைத்தார்கள். கைகளை விரித்தபடி நிற்கும்போது அவர் மெல்ல வாய் திறந்து, இந்த ஊரில் ஒரு பம்பு இருக்கிறது என்று ஆரம்பித்தார். மரம் பேசாது என்று பயிற்சியாளர் அம்மாள் கண்டித்தார். மாலையில் மதிப்பெண் போட்டபோது ஆற்றுக்கு நல்ல ஓட்டம் என்றும், மரத்துக்கு வேர் போதாது என்றும் குறிப்பு வந்தது.

ஊருக்குப் போவதற்கு முதல்நாள்தான் குமாஸ்தா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். நமக்கு அந்த ஊர் பழக்கம்தான், நம்ம அக்கா அங்கேதான் இருக்கிறார் என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். பயிற்சியாளர் அம்மாளின் முகம் வெளிறிப்போனது. ஓடிப்போய் இயக்குநரை அழைத்துவந்தார்.

"தப்பு உங்க மேல இல்ல" என்றார் இயக்குநர். "ஆனா ஏற்கெனவே பழகினவங்களோட முறைப்படி பழக முடியாது. நீங்க முதல்ல அவங்கள மறக்கணும்."

"எங்க அக்காவையா சார்?"

"மக்கள்ல ஒருத்தரை. அறிவியல்னா சில தியாகம் செஞ்சுதான் ஆகணும். மறக்கலேன்னா சான்றிதழ்ல நான் கையெழுத்துப் போட முடியாது."

அதற்கென்று ஒரு அறை இருந்தது. அதற்கென்று ஒரு நிபுணரும் இருந்தார். கண்ணை மூடச் சொல்லி, அக்காவின் முகத்தில் ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னார். மூக்கு, நெற்றி, காது எல்லாம் அழிந்தன. வாய் மட்டும் அழிய மறுத்தது. அது கைப்பிடி என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பொழுது சாயும்வரை முயன்றுவிட்டு, எனக்கு அக்கா என்று யாரும் இல்லை என எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்று நிபுணர் இறங்கி வந்தார். குமாஸ்தா மனசில்லாமல்தான் கையெழுத்திட்டார்.

மறுநாள் காலை வண்டிகள் ஊருக்குள் நுழையும்போதே ஊர் தயாராக உட்கார்ந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், படம் எடுக்க வெயில் வாகாக விழும்படி கன்னம் ஒட்டிய முகங்கள் முன்வரிசையில். இவர்கள் இறங்கி வணக்கம் சொல்வதற்குள் நான்கு பேர் எழுந்து வண்ணப்பொடியை அள்ளித் தரையில் ஊரின் வரைபடத்தைப் போட்டு முடித்துவிட்டார்கள். இந்த இடத்தில் நாங்கள் தயங்கவேண்டும், அப்போது நீங்கள் ஊக்கப்படுத்தவேண்டும் என்று ஒருவர் வந்தவர்களுக்கு எடுத்துக்கொடுத்தார். பயிற்சி பெற்றவர்கள் அவசரமாக ஊக்கப்படுத்தினார்கள்.

அடுத்தது அறிமுகம். குமாஸ்தாவுக்கு ஒதுக்கப்பட்ட குடும்பம் அக்காவின் குடும்பம். பயிற்சியாளர் அம்மாள் பின்னாலேயே நின்றார். குமாஸ்தா கை கூப்பினார்.

"வணக்கம் அம்மா. நான் ஒரு வெளியாள். உங்களுக்கு உடன்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஒருத்தன் இருக்கான். உருப்படாதவன்" என்றார். "ஒரு கைப்பிடி வாங்கித்தர வக்கில்ல."

நல்ல தகவல், எழுதிக்கொள்ளுங்கள் என்றார் பயிற்சியாளர் அம்மாள். குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

பிறகு குறைகளுக்குக் கொட்டை போடும் சடங்கு. சாலை, மருத்துவமனை, பள்ளிக்கூடம், தண்ணீர் என்று தரையில் அட்டைகளை வைத்து, எது பெரிய குறையோ அதன்மேல் அவரைக்கொட்டைகளை வைக்கச் சொல்வார்கள். சொல்லி வாய் மூடவில்லை. மொத்தக் கொட்டையும் தண்ணீர் அட்டையின் மேல் குவிந்தது. இயக்குநர் உருகிப்போனார். நிலையம் தொடங்கிய நாள்முதல் எந்த அணி வந்தாலும் இதே முடிவுதான் வருகிறது, இதைவிட இந்த முறையின் நம்பகத்தன்மைக்கு என்ன சான்று வேண்டும் என்று வந்தவர்களைப் பார்த்துக் கேட்டார்.

குமாஸ்தாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், ஒரு கைப்பிடி வாங்கி மாட்டிட்டா முடிஞ்சுபோற விஷயம்தானே?"

இயக்குநர் அவரைத் தனியே அழைத்துப்போய்த் தோளில் கை போட்டார். "நல்ல மனசு உங்களுக்கு. ஆனா யோசிங்க. இதைச் சரிபண்ணிட்டா அடுத்த அணி வந்து எதைக் கண்டுபிடிக்கும்?"

குமாஸ்தா யோசித்துப் பார்த்தார். பிறகு போய், அடுத்த அணிக்காகக் கொட்டைகளைப் பொறுக்கிப் பையில் போட்டார்.

விழாவின் உச்சம் கோல் வழங்குதல். அதிகாரத்தின் சின்னமான கோலை இயக்குநர் ஊரின் பிரதிநிதியிடம் ஒப்படைப்பார். பிரதிநிதி அதை நெஞ்சோடு அணைத்து, 'நாம் சேர்ந்தே பிடிப்போம்' என்று ஒரு வாக்கியம் சொல்லித் தானாக மனமுவந்து திருப்பிக் கொடுப்பார். ஒவ்வொரு முறையும் வாங்கிக் கொடுப்பவர் ஊர்த் தலைவர். அவர் வீட்டில் தனிக் குழாய் உண்டு. பிறந்ததிலிருந்து அவர் ஒரு பம்பைத் தொட்டதில்லை. ஆனால் இந்த முறை நிலையத்துக்கு நிதி கொடுக்கும் இடத்திலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு அம்மாள் பழைய படங்களைப் புரட்டிவிட்டு, எல்லாப் படத்திலும் ஒரே மீசையாக இருக்கிறதே, பெண்கள் யாரும் இல்லையா என்று கேட்டுத் தொலைத்தார். இயக்குநரின் கண் அவசரமாகப் பெண்கள் பக்கம் ஓடியது. முன்வரிசையில் அக்கா இருந்தார்.

வாக்கியத்தைப் பயிற்சியாளர் அம்மாள் அக்காவின் காதில் சொல்லிக்கொடுத்தார். தலைவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். இயக்குநர் கேமராவைப் பார்த்தபடி கோலை நீட்டினார்.

"அம்மா, இந்தக் கோல் இனி உங்களுடையது. வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. இதைத் திருப்பிக் கேட்கும் அதிகாரம் எனக்கில்லை, இந்த நிலையத்தில் யாருக்கும் இல்லை."

அக்கா இரண்டு கைகளாலும் வாங்கினார். வாங்கியவர் வாக்கியத்தைச் சொல்லவில்லை. பட்டுத்துணிக்கு மேலேயே அவருடைய கைகள் கொஞ்சம் நகர்ந்து, வளைவுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாகப் போய்த் தாமாக நின்றுகொண்டன. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பல வருடம் அவை தினமும் நின்ற இடம் அது. அக்கா தரையில் உட்கார்ந்தார். குஞ்சத்தை அவிழ்த்தார். பட்டுத்துணியை உரித்தார். நகத்தால் தங்க வர்ணத்தைச் சுரண்டினார். உள்ளே இரும்பு இருந்தது.

"தம்பி" என்று கூப்பிட்டார். "இது நம்ம பம்புக் கைப்பிடிடா. வண்டி இடிச்ச வளைவு அப்படியே இருக்குது பாரு."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. மாமா எழுந்து வீட்டை நோக்கி ஓடினார். இயக்குநர் சிரிப்பை மாற்றாமல், அம்மா உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார், வாக்கியத்தை எடுத்துக்கொடுங்கள் என்றார். பயிற்சியாளர் அம்மாள் குனிந்து, நாம் சேர்ந்தே பிடிப்போம், நாம் சேர்ந்தே பிடிப்போம் என்று முணுமுணுத்தார்.

"சேந்து புடிக்க இதுல எடமில்லீங்க" என்றார் அக்கா. "ஒருத்தர் அடிக்கணும். இன்னொருத்தர் கொடத்த வைக்கணும்."

விருந்தினர்கள் ஆர்வமாக எழுதிக்கொண்டார்கள். இயக்குநருக்கு வியர்த்துவிட்டது. பேச்சுத் திறமையால் இத்தனை காலம் ஓட்டிய மனிதர், கேட்கமாட்டேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டு எப்படிக் கேட்பார்? அவர் மெல்ல நகர்ந்து குமாஸ்தாவின் காதருகே வந்தார்.

"உங்க அக்காதானே? நயமா சொல்லி வாங்கிக் குடுங்க. உங்க சான்றிதழ்ல நான் இன்னும் கையெழுத்துப் போடல, ஞாபகம் இருக்கட்டும்."

குமாஸ்தாவுக்கு நிரந்தர வேலை கண் முன்னால் வந்து நின்றது. வீட்டுக்காரியிடம் இந்த மாதம் உத்தரவு வந்துவிடும் என்று வேறு சொல்லியிருந்தார். அக்கா தரையில் உட்கார்ந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தே இல்லாமல் போய்விட்டது என்று அக்கா சொல்வது சும்மா இல்லை, அன்றைக்குத்தான் கவனித்தார். தோளில் குடம் அழுத்திய இடம் காய்த்துப்போயிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது.

"மன்னிக்கணும் சார்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "அந்த அம்மா யாருன்னே எனக்குத் தெரியாது. மறந்துட்டேன்னு உங்ககிட்ட எழுதிக் குடுத்திருக்கேன்."

பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக, கோலைத் திருப்பிக் கேட்கும் அதிகாரம் நம் யாருக்கும் இல்லை என்று சார் இப்போதுதான் சொன்னார், அவர் சொன்னால் சொன்னதுதான் என்றும் சேர்த்துச் சொன்னார். நிதி கொடுக்கும் அம்மாள் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார். அவர் தட்டினால் இயக்குநர் தட்டாமல் இருக்க முடியுமா? அவரும் தட்டினார். தலைவர் மட்டும் தட்டவில்லை.

மாமா திரும்பி வந்தார். கையில் ஒரு தகரடப்பா, அதற்குள் துணியில் சுற்றிய பழைய போல்ட்டு. என்றைக்காவது கைப்பிடி கிடைக்கும் என்று எண்ணெய் போட்டு வைத்திருந்தாராம். திறந்த மனத்துக்குள் போல்ட்டு கச்சிதமாக நுழைந்தது. ஊர் முழுவதும் பம்பைச் சுற்றி நின்றது. அக்கா அடித்தார். கிரீச் என்று சத்தம் வந்ததே தவிர தண்ணீர் வரவில்லை. இத்தனை காலம் வறண்டு கிடந்த பம்பு. மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால்தான் கீழே இருப்பதை இழுக்கும். ஊற்றத் தண்ணீர் இருந்தால் பம்பு எதற்கு?

அக்கா சுற்றும் முற்றும் பார்த்தார். இயக்குநரின் கையில் சீல் உடைத்த தண்ணீர் பாட்டில் இருந்தது.

"ஐயா, அந்தத் தண்ணிய இதுல ஊத்துங்க" என்றார்.

அந்த ஊரோடு அவருக்கிருந்த இத்தனை வருடப் பழக்கத்தில் மக்கள் சொன்னதைக் கேட்டு இயக்குநர் செய்த முதல் காரியம் அதுதான். ஊற்றினார். அக்கா மூச்சு வாங்க அடித்தார். முதலில் காற்று வந்தது, பிறகு துருவும் சேறும், பிறகு தண்ணீர். பெண்கள் வீட்டுக்குப் போய்க் குடங்களோடு வந்து வரிசையில் நின்றார்கள். குமாஸ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்க வர்ணம் அக்காவின் உள்ளங்கை முழுவதும் ஒட்டியிருந்தது.

"பழைய இரும்புக்காரரை அடிச்சோமே" என்றார் மாமா யாரிடமோ. சாயங்காலம் அவரே அந்த மனிதரைத் தேடிப் போனார்.

நிலையத்தின் ஆண்டறிக்கை அட்டையில் அக்கா பம்பு அடிக்கும் படம் வந்தது. 'அதிகாரம் கைமாறியது: ஒரு முன்மாதிரி' என்று தலைப்பு. இயக்குநர் திட்டமிட்டே ஒரு கோலின் மூலம் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார் என்று உள்ளே எழுதியிருந்தது. அதற்காக அவருக்கு ஒரு பெரிய மாநாட்டில் பொன்னாடை போர்த்தி விருதும் கொடுத்தார்கள். குமாஸ்தாவுக்கும் சான்றிதழ் வந்தது. 'முழுமையாக நிறைவு செய்தார்' என்பதை அடித்துவிட்டு, 'வரம்பு மீறிப் பங்கேற்றார்' என்று இயக்குநர் கைப்பட எழுதியிருந்தார். மேலாளர் அதைப் படித்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அக்கா மட்டும் தம்பி வந்தால் இப்போது குத்திக் காட்டுவதில்லை. ஒரு சொம்பு தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறார்.

அடுத்த அணி வருவதாகத் தகவல் வந்த நாளில் குமாஸ்தா அக்கா வீட்டில்தான் இருந்தார். வண்டிகள் வந்து நின்றன. இயக்குநர் பொன்னாடையோடு இறங்கினார். வெறும் கையை விரித்து, தரையில் ஒரு கோடு போடக்கூடக் குச்சி இல்லையே என்பதுபோல் சுற்றிலும் பார்த்தார்.

ஊர் எழுந்து ஓடியது. திரும்பி வந்தபோது ஒருவர் மண்வெட்டியை மார்போடு அணைத்திருந்தார். ஒருவர் ஏணியைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு கிழவர் ஊன்றுகோலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஊன்ற எதுவும் இல்லாமல் தள்ளாடினார். பெண்கள் துடைப்பங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். அக்கா போய்ப் பம்புக் கைப்பிடியின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

இயக்குநர் பரவசத்தோடு புதிய அணியின் பக்கம் திரும்பி, மக்கள் எவ்வளவு ஆயத்தமாக வந்திருக்கிறார்கள் பாருங்கள் என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.